புற்றுள்ள மண்

பாரி மறைந்தபின் அவனுடைய பறம்பு நாட்டை எண்ணி ஏங்கிய கபிலர், புறநானூற்றின் 119ஆம் பாடலில், அந்நாட்டின் வளங்களுள் ஒன்றாகச் செம்மண் புற்றிலிருந்து எழும் ஈயலையும் (ஈசல்) புளித்த மோரையும் சேர்த்துச் சொல்கிறார். அகநானூற்றிலும் வரகரிசியோடு தயிரும் ஈயலும் இட்டு ஆக்கிய புளிப்புச் சோறு விருந்தாக வருகிறது. இழந்த நாட்டின் பெருமையைப் பாடவந்த புலவனுக்கு ஈசலைச் சொல்வதில் கூச்சமே இருக்கவில்லை. கூச்சம் பிற்பாடு வந்தது. அதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் மறந்துவிட்டோம்.

நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் நோக்கி நீளும் முந்திரிக்காட்டுச் செம்மண்ணிலும், கம்மாபுரம் போன்ற மேட்டுநில ஊர்களிலும் ஈசலின் பருவத்தை மழையே அறிவிக்கும். மழை ஓய்ந்த இரவில் புற்றின் அருகே சிறு குழி வெட்டி, அதில் விளக்கை வைப்பார்கள். ஒளியைத் தேடிக் கிளம்பும் ஈசல் குழியில் வந்து விழும். மறுநாள் வெயிலில் காயவைத்து, கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் இறகெல்லாம் காற்றோடு போய்விடும். பிறகு அரிசியோடு சேர்த்து வறுப்பார்கள். புரதமும் கொழுப்பும் நிறைந்த அந்தப் பண்டம், இருளர் உள்ளிட்ட எளிய மக்களின் வீடுகளில் வறண்ட நாட்களுக்கான சேமிப்பாகவும் இருந்தது. ஈசலை யாரும் வளர்க்கவில்லை. புற்றுக்குள் ஈசலின் இனமான கறையானே சருகையும் மட்கிய மரத்தையும் மென்று காளான் வளர்க்கிறது. நாம் புற்றை இடிக்காமல் விட்டுவைத்தோம், அவ்வளவே. புற்றை அம்மனாக வணங்கியதால் அந்தக் காவலும் தானாக அமைந்தது.

உலகின் வேறொரு மூலையில் இன்று இதே அறிவு புதிதாக முளைக்கிறது. மடகாஸ்கரின் வடகிழக்கில் மசோவாலா மழைக்காட்டு ஓரத்து மக்கள், வீட்டருகே அவரைக்கொடி நட்டு, அதில் சாறு உறிஞ்சி வாழும் சகோன்ட்ரி என்னும் பூச்சியைப் பெருக்குகிறார்கள். தட்டில் அந்தப் பூச்சி இருந்தால், இறைச்சிக்காக லெமூரைத் தேடிக் காட்டுக்குள் போகும் தேவை குறையும் என்பதே அந்த முயற்சியின் நம்பிக்கை. மனிதர் உண்ணும் பூச்சியினங்கள் 1900க்கும் மேல் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. அஸ்ஸாமில் எரிப்பட்டின் கூட்டுப்புழு இன்றும் சந்தைச் சரக்கு.

நம் மண்ணின் கதை வேறு திசையில் நடந்தது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. காமராசரின் பள்ளி மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஒரு கை நாட்டுக்கு விளக்கேற்ற மண்ணைத் திறந்தது, மறுகை பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது. இரண்டுமே அந்தத் தலைமுறையின் நல்ல கனவுகள். ஆனால் திறந்தவெளிச் சுரங்கம் மேல்மண்ணை முழுதாக அள்ளியே நிலக்கரியை எட்டுகிறது. புற்றும் முந்திரியும் மேய்ச்சலும் ஒரே வெட்டில் போயின. கம்மாபுரம் வட்டாரத்து ஊர்களும் நிலம் கொடுத்தே வந்திருக்கின்றன.

ஏழையின் உணவை முதலில் இழிவென்போம். அது விளையும் நிலத்தைப் பிறகு வெற்றுநிலமென்போம். கடைசியில் அதையே சத்துணவு என்று கடையில் விலைகொடுத்து வாங்குவோம். வரகும் சாமையும் இந்தச் சுற்றை முடித்துவிட்டன, ஈசலின் முறை இனி வரக்கூடும். எல்லோரும் ஈசல் தின்ன வேண்டும் என்பதல்ல என் விண்ணப்பம். தின்பவரை இழிவாகப் பார்க்கும் பார்வையை விட்டுவிட வேண்டும். எஞ்சிய புறம்போக்கிலும் தோப்போரத்திலும் புற்றுகளை விட்டுவைக்க வேண்டும். சுரங்கம் மூடி மண் நிரப்பும் இடங்களில், மரக்கணக்கோடு நிறுத்தாமல் மண்ணின் உயிரையும் மீட்கும்படி கேட்க வேண்டும். நிலக்கரி ஒருநாள் தீரும். அதற்குப் பின்னும் இங்கே பிள்ளைகள் பசியோடு உட்காருவார்கள். அவர்களுக்கு உணவு தரும் மண்ணை விட்டுச்செல்வது கபிலரின் வழிவந்த நம் கடன்.