பலகையைப் பார்த்து ஏறுவோம்

2017 ஜூலை 8-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏ.ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சி. தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று சிலர் பாதியில் எழுந்து போனார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சமூக வலைத்தளங்களில் எழுதினார்கள். நிகழ்ச்சியின் பெயரோ 'நேற்று இன்று நாளை'!

இட்டார்சி, புசாவல் என்று 36 ஆண்டுகள் ரயில்வேயில் உழைத்தவன் நான். பெயர்ப் பலகையைப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டு, "இது ஏன் வேறு ஊருக்குப் போகிறது?" என்று டி.டி.இ.யிடம் சண்டை போடும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். வெம்ப்ளிக்காரர்கள் கதையும் அதுதான் என்று நண்பர்களிடம் அப்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர்கள் கொண்டாடும் 'ரோஜா' (1992), 'பம்பாய்' (1995) மெட்டுகள் தமிழில் பிறந்து இந்திக்குப் போனவை அல்லவா? 'தில் சே' (1998) இந்தியில் பிறந்து 'உயிரே' என்று தமிழுக்கு வந்தது. அவர் இசை இரட்டைப் பாதை. இரு பக்கமும் வண்டி ஓடும்.

இதுவரை நான் சொன்னது சரி. இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழா மெல்லிசையில் ஒரு பையன் இந்திப் பாட்டு ஒன்று பாடினான். "தமிழ்ச் சங்கத்தில் இந்தியா? நிறுத்து!" என்று முன்வரிசையில் குரல் எழுந்தது. நானும் சேர்ந்து கைதட்டினேன். பையன் பாதியில் இறங்கிவிட்டான். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் எழுத்துத் தெரியாது. அதற்கு முன் பாடிய இரண்டு தமிழ்ப் பாட்டுகளையும் தேவநாகரியில் எழுதி வைத்துப் பாடியிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பின் அவன் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

"லண்டன்ல எழுந்து போனவங்களைத் திட்டினீங்களே, நீங்க செஞ்சது மட்டும் என்ன?" என்று வீட்டில் கேட்டாள். பதில் இல்லை.

சங்கத்தில் தமிழே முதலில் ஒலிக்கவேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த மொழியில் எத்தனை பாட்டு என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால் சண்டைக்கு இடமில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பாட்டுக்கு முன்பும் அதன் பொருளை இரண்டு வரியில் சொன்னால் நம் பேரப்பிள்ளைகளுக்கும் புரியும். பிள்ளைகள் விரும்பும் பாட்டுக்கும் ஒன்றிரண்டு இடம் விடலாம்.

வரும் பொங்கலுக்கு அந்தப் பையனை அழைக்க அவன் வீட்டுக்கு நானே போவதாக இருக்கிறேன். யாராவது கூட வருகிறீர்களா?