வாலிபரும் வரிக் கணக்கும்

படிப்பு முடிந்து முதல் உத்தியோகத்தில் அமரும் வாலிபர் எத்தனையோ காரியங்களைத் தாமே செய்யக் கற்றுக்கொள்கிறார். வாடகைக்கு அறை பிடிக்கிறார். பாங்கியில் கணக்குத் திறக்கிறார். வீட்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். ஆனால் ஜூலை மாதம் நெருங்கியதும் ஒரு காரியத்தை மட்டும் பிறர் தலையில் போட்டுவிடுகிறார். தம் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்து, சில நூறு ரூபாயும் கொடுத்து, வருமான வரிக் கணக்கைப் பற்றிய கவலையை அத்துடன் விட்டொழிக்கிறார். இந்த வழக்கம் நல்லதன்று என்பது நமது திடமான அபிப்பிராயம். முதல் வருஷத்துக் கணக்கையாவது ஒவ்வொரு வாலிபரும் யுவதியும் தம் கையாலேயே எழுதித் தாக்கல் செய்ய வேண்டும்.

நமது தேசத்தில் வருமான வரி பிறந்த விதம் இனிமையானதன்று. 1857ஆம் வருஷக் கிளர்ச்சியை அடக்கச் செலவான பணத்தை ஈடுசெய்யும் பொருட்டு, 1860இல் ஜேம்ஸ் வில்ஸன் என்ற ஆங்கில நிதி மந்திரி அதைக் கொண்டுவந்தார். கொடுத்த ஜனங்களுக்கு, ஏன் கொடுக்கிறோம் என்று கேட்கும் உரிமை இருக்கவில்லை. பின்னர் 1928இல் பர்தோலி தாலுக்காவில் நிலவரியை நூற்றுக்கு 22 வீதம் உயர்த்தியபோது, வல்லபபாய் படேலின் தலைமையில் குடியானவர்கள் கொடுக்க மறுத்தனர். அவர்களுடைய மன உறுதியை உலகம் அறியும். ஆனால் அந்த வெற்றியில் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். நிலத்தின் விளைவு என்ன, குத்தகை என்ன, அதிகாரிகள் எழுதியதில் பிழை எங்கே என்று குடியானவர் பக்கத்தில் ஆதாரத்தோடு எடுத்துக்காட்டினார்கள். அதன்பின் நடந்த விசாரணையில், உயர்வு நூற்றுக்குச் சுமார் 6 வீதத்துக்கு மேல் நியாயமில்லை என்று முடிவாயிற்று. கணக்குத் தெரிந்தவனிடம்தான் அதிகாரம் பணியும் என்பது அதில் நாம் கற்ற பாடம்.

இன்று ஆட்சி நம்முடையது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாதென்று அரசியல் சாசனத்தின் 265ஆவது ஷரத்துக் கூறுகிறது. ஆயினும் தம்மிடமிருந்து எந்தக் கணக்கில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதையே அறியாதவருக்கு இந்த ஷரத்தினால் என்ன பிரயோஜனம்?

சில உதாரணங்களால் இதை விளக்குவோம். 2025-26ஆம் வருஷ வருமானத்துக்குப் புதிய முறைப்படி முதல் 4 லட்ச ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக வீதம் உயர்ந்தாலும், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு மேற்படாதவரின் சம்பளத்துக்குத் தள்ளுபடி மூலம் வரி முழுவதும் நீங்கிவிடுகிறது. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு வேறு உண்டு. இதைக் கேள்விப்பட்ட வாலிபர், "எனக்கு வரியே இல்லை, கணக்கு எதற்கு?" என்கிறார். இங்கேதான் தவறு நேர்கிறது. வருஷம் 9 லட்சம் சம்பாதிப்பவர் வரி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வருமானம் 4 லட்ச வரம்பைத் தாண்டிவிட்டபடியால் கணக்குக் கொடுத்தே தீரவேண்டும். தவணை தவறினால் ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பல கம்பெனிகள் புதிதாய் வரும் வாலிபரைச் சம்பளக்காரராகப் பதிவு செய்வதில்லை. "ஆலோசகர்" என்று எழுதிக்கொள்கின்றன. மாதம் 25,000 ரூபாய் பேசி, அதில் நூற்றுக்கு 10 வீதம் வரிப்பிடித்தம் செய்து, 22,500 ரூபாயைக் கையில் கொடுக்கின்றன. வருஷ முடிவில் பிடித்த தொகை 30,000 ரூபாய் ஆகிறது. அவருடைய மொத்த வருமானமோ 3 லட்சம். வேறு வருமானம் இல்லையெனில் ஒரு காசும் வரி இல்லை. அந்த 30,000 ரூபாயும் அவருடைய சொந்தப் பணம். ஆனால் அவர் உரிய படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்து கேட்டாலொழிய அது திரும்பி வராது. ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகமான தொகை, கேட்பாரின்றிக் கஜானாவிலேயே கிடக்கும். இது ஏழைக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக உத்தியோகத்துக்கு வந்த வாலிபருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

பிறர் கையில் ஒப்படைப்பதில் மற்றோர் அபாயமும் உண்டு. நேர்மையான கணக்குத் தணிக்கையாளர்களை நாம் குறைகூறவில்லை. சிக்கலான கணக்குக்கு அவர்களுடைய துணை அவசியமே. ஆனால் "அதிக ரீபண்டு வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு ஒரு பங்கு" என்று சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள். கொடுக்காத வீட்டு வாடகை, செய்யாத நன்கொடை முதலியவற்றை இவர்கள் துணிந்து எழுதிவிடுகிறார்கள். இத்தகைய பொய்க் கழிவுகளின் பொருட்டு 2025 ஜூலையில் வருமான வரி இலாகா தேசத்தின் பல இடங்களில் சோதனை நடத்தியது. தரகர் தம் பங்கைப் பெற்றுப் போய்விடுவார். கணக்கில் இருப்பது வாலிபரின் பெயர். வருமானத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டினால், குறைந்த வரியைப்போல் இரு மடங்கு அபராதம் விதிக்க 1961ஆம் வருஷச் சட்டம் இடமளிக்கிறது. "எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே செல்லாது.

காரியம் அவ்வளவு கடினமா? சாதாரணச் சம்பளக்காரருக்கு இல்லை. கம்பெனி தரும் படிவம் 16, பாங்கியின் வட்டிக் கணக்கு, வருமான வரி இணையதளத்தில் உள்ள வருடாந்தரத் தகவல் அறிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்துப்பார்த்தால் போதும். ‘சஹஜ்’ என்னும் முதற்படிவத்தில் பெரும்பாலான தொகைகள் முன்னமே நிரப்பப்பட்டிருக்கும். அவை சரியா என்று பார்ப்பதே நம் வேலை. நிரம்பியிருப்பதாலேயே சரியென்று நம்பிவிடலாகாது. தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் ஆதார் வாயிலாகவோ வேறு வழியிலோ உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் செய்ததெல்லாம் வீண். சர்க்காரின் தளத்தில் கணக்குக் கொடுக்க ஒரு காசும் கட்டணமில்லை.

எனினும் பழி முழுவதையும் வாலிபர் மீது சுமத்த நாம் விரும்பவில்லை. 2025-26இல் சம்பாதித்த பணத்தை 2026-27ஆம் மதிப்பீட்டு வருஷத்துக் கணக்கு என்று எழுதச் சொன்னால் புதியவர் திகைக்காமல் என்ன செய்வார்? 2025இல் நிறைவேறி, 2026 ஏப்ரல் முதல் தேதியை அமல் தேதியாகக் கொண்ட புதிய சட்டம் இவ்விரட்டைப் பெயரை ஒழித்து, "வரி வருஷம்" என்ற ஒரே பெயரை வைத்திருப்பது வரவேற்கத்தக்கது. சட்டத்தின் பாஷை எளிதானால் மட்டும் போதாது. படிவங்களின் ஒவ்வொரு வரியும் தாய்மொழியில் விளங்க வேண்டும். கல்லூரியின் கடைசி வருஷத்தில் ஒரு மாதிரிக் கணக்கையாவது ஒவ்வொரு மாணவரும் எழுதிப் பழகும்படி செய்ய வேண்டும். வட்டியையும் விகிதாசாரத்தையும் பல வருஷங்கள் கற்பிக்கும் நம் கல்வி, அவற்றைச் சொந்த வாழ்க்கையில் உபயோகிக்கும் இடத்தில் மாணவரைக் கைவிடுவது நியாயமாகாது.

வருமான வரி கொடுப்போர் மட்டுமே வரி கொடுப்போர் அல்லர். 2017 ஜூலை முதல் அமலிலுள்ள சரக்கு சேவை வரியை, சட்டையும் செருப்பும் வாங்கும் ஏழையும் கொடுத்துவருகிறார். ஆனால் அது விலையோடு விலையாக மறைந்துபோகிறது. தமக்கும் சர்க்காருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பிரஜை தம் பெயரால், தம் கையால் எழுதும் இடம் வருமான வரிக் கணக்கு ஒன்றே. அதைத் தாமே எழுதியவர், தம் ஊர்ச் சாலை ஏன் பழுதாய்க் கிடக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்து ஏன் இல்லை என்று கேட்கும்போது அவருடைய குரலில் ஓர் உறுதி இருக்கும். இவ்வருஷம் முதன்முறையாகக் கணக்குக் கொடுக்க வேண்டிய வாலிபர்களும் யுவதிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கி, பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு தாமே உட்காருவார்களாக.