பெட்டியைத் திறக்கலாமா?

சேகரிப்பாள நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கை கால் மடங்கும்படி செய்த 'ஆக்‌ஷன் ஃபிகர்' ஒன்றை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பவர், அதைப் பாதிதான் வாங்கியிருக்கிறார்.

1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ'வை வெளியிட்டபோது, பொம்மை என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று அஞ்சித்தான் இந்தப் பெயரையே சூட்டியது. பெயரிலேயே அசைவு இருக்கிறது. 1978இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' உருவங்களுக்குக் கழுத்து, தோள், தொடை என ஐந்தே மூட்டுகள். 1982இல் ஜி.ஐ. ஜோ அதே மூன்றே முக்கால் அங்குலத்திற்குச் சுருங்கியபோது முழங்கையும் முழங்காலும் மடங்கின. பிறகு 1990களில் மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் உருவங்கள் வந்தன. செதுக்கல் அபாரம், ஆனால் பலவற்றை நிற்க வைத்துப் பார்க்கத்தான் முடியும்.

பார்ப்பதற்கென்றே செய்தவற்றை நான் குறை சொல்லவில்லை. கொலுப்படியில் இருக்கும் மண் செட்டியாரை யாரும் முழங்காலை மடக்கச் சொல்வதில்லை. மரப்பாச்சியோ படியிலும் இருக்கும், பிள்ளை மடியிலும் இருக்கும்.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாகத் தொடங்கியது. அது இந்தியாவில் தயாரித்த ஜி.ஐ. ஜோக்கள் பலவற்றின் நிறங்கள் அமெரிக்க மூலத்திலிருந்து வேறுபட்டிருக்கும். பிள்ளைகள் மண்ணில் புரட்டி விளையாடிய அவற்றை இன்று அந்த நிறங்களுக்காகவே வெளிநாட்டார் தேடுகிறார்கள். அட்டை பிரிக்காதது என்றால் விலை இன்னும் ஏறும்.

ஆனால் அந்த அமைப்பில் ஒரு வேடிக்கை. உடம்பையும் கால்களையும் இணைப்பது உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம். உறை பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

என்னிடமும் அப்படி ஒன்று, செமினி விடுதி அறையிலிருந்து வீட்டுக்கு வந்தது வரை எட்டு ஆண்டுகள் அட்டையோடு இருந்தது. சென்ற தீபாவளிக்கு வந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, இவரு ஏன் வெளிய வர மாட்றாரு?"

"தொடாதடா" என்றேன். எனக்கே அது நன்றாக இல்லை.

அப்பா பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் ரப்பர் கொட்டைதான் அவருக்கு விளையாட்டுச் சாமான். "பொட்டியில பூட்டி வெச்சாலும் ரப்பர் ரப்பர்தான்டா, காஞ்சி போயிடும்" என்றார்.

மறுவிற்பனை விலை போய்விடுமே என்பான் என் நண்பன். விலைதான் முக்கியமென்றால் பங்கு வாங்கலாமே, பொம்மை எதற்கு?

அன்று மாலையே பிளேடால் கீறித் திறந்தேன். முதுகில் ஒரே திருகாணிதான். செமினி பட்டணத்து ஹார்ட்வேர் கடையில் அதே அளவு வளையம் சில காசுக்குக் கிடைத்தது. மாற்றிப் பையன் கையில் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வலது கட்டைவிரலைக் காணோம். ஆள் மட்டும் முறுக்கு டின்னின் மேல், ஒரு முழங்காலை மடக்கி, காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.