மன்றாட்டில் அவர்கள் பெயரையும் சேருங்கள்

அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி, உத்தமபாளையம், கம்பம் பங்கு மக்களுக்கு, லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப்பெண் எழுதுவது.

நர்ஸ்களின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த மே 12-ஐ ஒட்டி இங்கே வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வருடந்தோறும் ஒரு வழிபாடு நடக்கிறது. செவிலியர் சிற்றாலயத்திலிருந்து ஒரு விளக்கை நர்ஸ்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பீடம் வரை கொண்டுபோவார்கள். நைட்டிங்கேலின் கல்லறை அங்கே இல்லை. இடம் கொடுக்க முன்வந்தும் குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். 1910-இல் கிராமத்துக் கோயில் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் மட்டுமே.

நன்றி சொல்ல நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பென்னிகுவிக்குக்கு இன்றும் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத நைட்டிங்கேலும் நம் கிராமங்களுக்குப் பாசனமும் சுகாதாரமும் வேண்டுமென்று பல ஆண்டுகள் விடாமல் எழுதியவர்தான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூன்று வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1909-இல் நர்ஸ் பள்ளி ஆரம்பித்தார். 1960-இல் அவர் கண்மூடியது நம் மலைமேல் இருக்கும் கொடைக்கானலில்தான்.

கத்தோலிக்கர்களான நாம் அறிய வேண்டிய கதை இன்னொன்று. கன்னியர்கள் பிரசவம் பார்க்க நம் திருச்சபையின் சட்டம் வெகுகாலம் இடம் தரவில்லை. ராவல்பிண்டியில் பெண்கள் வைத்தியமின்றிச் சாவதைக் கண்ட ஆக்னஸ் மெக்லாரன் என்ற டாக்டர், சட்டத்தை மாற்றச் சொல்லி ரோமாபுரிக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். மாறாமலே 1913-இல் இறந்தார். அவர் வழியில் வந்த ஆன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ சபை ஒன்றைத் தொடங்கினார். அனுமதி வந்தது 1936 பிப்ரவரியில். பிரசவ வார்டில் கன்னியரைக் காண்பது நமக்கு இன்று சாதாரணம். அதற்காக எத்தனை ஆண்டு மன்றாடியிருக்கிறார்கள் என்பது ஞாயிறு மறைக்கல்வியில் என் காதில் விழுந்ததே இல்லை.

ஆகவே மே 12-ஐ ஒட்டி வரும் ஞாயிறு திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டில் இந்த நான்கு பெண்களின் பெயர்களையும் வாசியுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாக்கள், அகமலை, வருசநாட்டுப் பக்கம் மலையேறித் தடுப்பூசி போடுகிறவர்கள், ஊரில் பேறுகாலம் பார்த்த பாட்டிமார் என எல்லோரையும் கூப்பிடுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். பங்குத்தந்தையிடம் இப்போதே பேசுங்கள். டூட்டி பட்டியல் போடும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கும் வார்டில்தான் நிற்பார்கள்.