நீர் அடைபடும் நாளில் மராமத்து தொடங்க வேண்டும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தின் கிராமச் சாலைகளையும் சிறுபாலங்களையும் பற்றி எமது சங்கத்தின் நிலைப்பாடு

வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, பாமணியாறு, கோரையாறு என்று ஆறுகள் பிரிந்து, பிரிந்தவை வாய்க்கால்களாகக் கிளைத்து, கிளைத்தவை கன்னி வாய்க்கால்களாக வயலின் வரப்புவரை சென்று முடிகிற இந்தப் பிரதேசத்தில், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகிறவர் தாம் கடந்த தூரத்தை மைலால் கணக்கிடுவதைவிடத் தாண்டிய பாலங்களால் கணக்கிடுவதே பொருத்தமாக இருக்கும். இங்கே ஒரு சிறுபாலம் இற்றுப்போனால், அதற்கு அப்பாலுள்ள மூன்று ஊர்களின் நெல்லும் பாலும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும், பிரசவ வேதனையோடு ஆம்புலன்சை எதிர்பார்த்திருக்கும் பெண்ணும் ஒருசேர அக்கரையிலேயே நிற்க நேர்கிறது. சிறு விவசாயிகளும் குத்தகைதாரர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கடைத்தெரு வியாபாரிகளும் அங்கம் வகிக்கும் எமது சங்கம், இந்த விஷயத்தில் ஆண்டுதோறும் மனுக் கொடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், திட்டமிடுவதிலும் நிதி ஒதுக்குவதிலும் எது நியாயமான முறை என்று நிதானமாக ஆலோசித்து, தான் வந்தடைந்த முடிவைப் பொதுமக்களின் முன்னும் சர்க்காரின் முன்னும் வைக்கிறது.

முடிவு இதுதான்: பழைய பாலங்களின் மராமத்துக்குரிய பணம், புதிய வேலைகளுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதாக இல்லாமல், முதலில் எடுத்துவைக்கப்படுவதாக இருக்க வேண்டும், அந்தப் பணம் மார்ச் 31-ஆம் தேதியோடு காலாவதியாகாத நிதியாக இருக்க வேண்டும், அது செலவாகும் காலத்தை அலுவலகத்தின் நாட்காட்டி நிர்ணயிக்காமல் ஆற்றின் நாட்காட்டி நிர்ணயிக்க வேண்டும்.

நிலைமை

எங்கள் பகுதிச் சிறுபாலங்களில் பல, கட்டை வண்டி போவதற்காகச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவை. இன்று அதே வளைவின்மீது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் லாரியும், அறுவடை இயந்திரத்தைச் சுமந்துவரும் வண்டியும், எம்சாண்ட் ஏற்றிய டிப்பரும் ஏறி இறங்குகின்றன. மூன்று அச்சு லாரி ஒன்று சட்டப்படி சுமக்கலாகும் மொத்த எடை, 2018-ஆம் ஆண்டில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டபோது, லாரியின் பதிவுச் சான்றிதழில் எண் மாறிற்று. பாலத்தின் கல்லிலும் காரையிலும் எதுவும் மாறவில்லை.

பாலம் ஒரு நாளில் விழுவதில்லை. கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று முளைக்கிறது. பறித்தெறிய ஒரு நிமிஷம் போதும், ஆனால் அது எவருடைய வேலை என்று எவரும் எழுதிவைக்கவில்லை. வேர் காரையைப் பிளக்கிறது. பிளவில் மழைநீர் இறங்குகிறது. வெள்ள காலத்தில் ஆகாயத்தாமரை வந்து கண்வாயை அடைக்க, வழி குறுகிய நீர் வேகங்கொண்டு அடித்தளத்து மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. கடலோர ஊர்களிலோ, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்புக்காற்றே தின்றுவிடுகிறது. தண்ணீர் நிறைந்து ஓடும் மாதங்களில் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மேலே தார் மட்டும் புதிதாகப் பளபளக்கும்.

அலட்சியத்தின் விலையையும் எச்சரிக்கையின் பயனையும் இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன. குஜராத்தில் மஹிசாகர் நதியின்மேல் 1985-இல் திறக்கப்பட்ட கம்பீரா பாலம், 2025 ஜூலை 9 அன்று காலை, வாகனங்கள் போய்க்கொண்டிருக்கையிலேயே முறிந்து, இருபது உயிர்களுக்கு மேல் பலி கொண்டது; அப்போது அதன் வயது நாற்பதுதான். திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்தபோதோ, பக்கத்தில் புதுப்பாலம் திறந்து இதில் வாகனப் போக்குவரத்து ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தபடியால், உயிர்ச்சேதம் நேரவில்லை. தொண்ணூறு வயதுப் பாலம் எவரையும் கொல்லாமல் விழுந்ததற்குக் காரணம், அதைப் பரீட்சித்து, இனி இது தாங்காது என்று உரிய காலத்தில் ஒருவர் முடிவெடுத்ததேயாகும்.

யாருடைய பாலம்?

மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஒன்றியச் சாலையும் கிராம ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. வாய்க்காலும் அதன் கரையும் மதகும் நீர்வளத் துறையின் பொறுப்பு. இந்தப் பாகுபாடு காகிதத்தில் தெளிவானதே. ஆனால் ஒன்றியச் சாலை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில், மதகோடு சேர்த்துக் கட்டிய பாலமொன்று விரிசல் கண்டால், ஓர் அலுவலகத்தில் “மேலே போவது சாலை, ஆகவே அங்கே கேளுங்கள்” என்பதும், மற்றோர் அலுவலகத்தில் “கீழே ஓடுவது வாய்க்கால், ஆகவே அங்கே கேளுங்கள்” என்பதும் எங்கள் அங்கத்தினர்கள் மனுவும் கையுமாக அலைந்து அறிந்த அனுபவம். இரு திறத்தாரும் பொய் சொல்லவில்லை; இருவரின் பதிவேட்டிலும் அந்தப் பாலம் இல்லை என்பதே உண்மை.

அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க விஷயங்களுள் சாலைகளையும் சிறுபாலங்களையும் பாலங்களையும் பதினோராம் அட்டவணையில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. விஷயம் ஒப்படைக்கப்பட்ட அளவுக்கு, அதை நிர்வகிக்க வேண்டிய பொறியாளரும் பணமும் ஒப்படைக்கப்படவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

இரண்டு நாட்காட்டிகள்

சம்பிரதாயப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் அடைக்கப்படுகிறது. அடைத்த பின் மீண்டும் திறக்கும்வரை உள்ள நான்கரை மாதமே வாய்க்காலின் தரை தெரியும் காலம். அடித்தளத்தை ஆராயவும், அரிப்பை அடைக்கவும், புதுத் தூணுக்குக் குழி தோண்டவும் இயற்கை அளித்திருக்கும் அவகாசம் அவ்வளவுதான். ஆனால் சர்க்காரின் ஆண்டோ ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. வரவு செலவுத் திட்டம் நிறைவேறி, நிர்வாக அனுமதி வந்து, மதிப்பீடு தயாராகி, தொழில்நுட்ப அனுமதி கிடைத்து, 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் விதிக்கும் அவகாசமும் கழிந்து, ஒப்பந்தக்காரர் கையில் வேலை உத்தரவு வந்து சேரும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுகிறது. பிறகு வடகிழக்குப் பருவமழை. மழை விட்டு, நீரும் அடைபட்டு, வேலை செய்யத் தோதான காலம் வரும்போது, மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்ற பீதியும் கூடவே வருகிறது. பிப்ரவரியும் மார்ச்சும் ஒரு நிதியாண்டிலும், ஏப்ரலும் மே மாதமும் மற்றொரு நிதியாண்டிலுமாக, உள்ள ஒரே வேலைக்காலம் நடுவில் வெட்டுண்டு கிடக்கிறது. அஸ்திவாரத்தைத் தொடாமல் மேலே மட்டும் அவசரமாகத் தார் போட்டுக் கணக்கை முடிக்கும் வழக்கத்துக்கு, நேர்மையின்மையைக் காட்டிலும் இந்த நாட்காட்டிப் பிணக்கே பெரிய காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

பணம்

புதிய சாலைக்குப் பல கதவுகள் திறந்திருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் உண்டு. 1995-96 முதல் நபார்டு வங்கி அளித்துவரும் ஊரக உள்கட்டமைப்புக் கடன் உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி உண்டு. 10,000 கிலோமீட்டர் கிராமச் சாலைகளைச் சீராக்க 2023-இல் தமிழக அரசு அறிவித்த முதல்வரின் திட்டமும் உண்டு. இவற்றால் விளைந்த நன்மையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பிரதம மந்திரி திட்டச் சாலையை அமைத்த ஒப்பந்தக்காரர் ஐந்து ஆண்டுகள் பராமரித்துக் கொடுத்து விலகிய பிறகு, ஆறாம் ஆண்டின் பள்ளத்தை எந்தக் கணக்கில் மூடுவது என்ற கேள்விக்கு இதே உறுதியுடைய பதில் இல்லை. புதுப்பாலத்துக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் இருக்கின்றன. பழைய பாலத்தின் வேரைக் களைந்ததற்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை.

மராமத்தை முறையாகச் செய்வது நமக்குப் புதிய விஷயமன்று. கோயில் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருப்பினும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்த வேண்டும் என்ற விதியை வகுத்த முன்னோர், கட்டடம் பழுதாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை அறிந்தே வகுத்தார்கள். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் குடிமராமத்து என்ற ஏற்பாடு இருந்தது. நிதியைச் சேமிக்கும் விஷயத்திலும் இந்த மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தின்மேல் விதித்த ஒரு சிறு செஸ் வரியை அதற்கென்றே சேர்த்துவைத்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ஒரு ரயில் பாதையையே அமைத்து 1894-இல் திறந்தது. ஒரு காரியத்துக்கென்று வசூலித்த பணத்தை அந்தக் காரியத்துக்கே காத்துவைத்தால் ஸ்தல ஸ்தாபனமொன்று எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் தலவரி விதிக்கிறது. நிலவரியே மிகச் சொற்பமாகிவிட்ட இக்காலத்தில் அந்தத் தொகை ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் போதாது. ஆகவே, தனிக் கணக்கில் வைத்து, வரவு செலவைக் கிராம சபையில் வாசித்துக் காட்டுவதாக இருந்தால், மராமத்துக்கென்று நியாயமான அளவில் தலவரியைத் திருத்துவதை எமது சங்கம் எதிர்க்காது. வேறெதற்கும் திருப்பப்படாது என்ற உறுதியோடு கேட்டால் மட்டுமே கொடுப்போம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஆட்சேபங்கள்

சாலையே காணாத குடியிருப்புகள் இருக்கையில், இருக்கும் சாலையின் மராமத்துக்கு முதல் உரிமை கேட்பது சுயநலமல்லவா என்று சிலர் கேட்கலாம். பராமரிப்பு இன்றிச் சீரழிந்த பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் பல மடங்கு செலவாகிறது. அந்தச் செலவு, சாலையில்லாத குடியிருப்புக்குப் போயிருக்கக்கூடிய பணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே மராமத்தைப் புறக்கணிப்பதால் முதலில் நஷ்டமடைகிறவர்கள் அந்தக் குடியிருப்பினரே.

தரைப்பாலங்களையெல்லாம் உயர்மட்டப் பாலங்களாக மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்பது மற்றொரு வாதம். நெடுஞ்சாலைகளில் அத்தகைய மாற்றங்கள் நடைபெறுவதை வரவேற்கிறோம். ஆனால் ஒன்றியச் சாலையின் கடைசிச் சிறுபாலத்துக்கு முறை வரும்வரை அது நிற்க வேண்டுமே!

இவ்விடத்தில் எங்கள் அங்கத்தினர்களிலேயே சிலருக்குக் கசப்பாக இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பாலங்களையும் லாரி போகும் பாலங்களாக வைத்திருக்கப் பணம் ஒருபோதும் போதாது. அரை மைலுக்குள் உறுதியான மற்றொரு பாலம் இருக்குமிடத்தில், பழையதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் உரியதாகக் குறுக்கிவிடுவது, இரண்டையும் அரைகுறையாக வைத்திருப்பதைவிட விவேகமானது. எந்தப் பாலத்தை அவ்வாறு குறுக்குவது என்பதை அந்தந்த ஊராரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்; முடிவான பிறகு அதை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது.

எமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஒன்றியத்திலும் மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே பாலப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். கட்டிய காலம், அகலம், தாங்கும் எடை, அடித்தளத்தின் நிலை, பொறுப்பான துறை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எத்துறையும் உரிமை கொண்டாடாத பாலம் எவருடையது என்பதை மாவட்ட ஆட்சியர் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

2. நீர் அடைபட்ட பிப்ரவரியில் ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் பொறியாளர் இறங்கிப் பார்க்க வேண்டும். அந்த அறிக்கை மே 1 கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். முன்னுரிமை வரிசை ஆகஸ்டு 15 கிராம சபையில் வெளியாக வேண்டும். அக்டோபருக்குள் மதிப்பீடும் டிசம்பருக்குள் டெண்டரும் முடிய வேண்டும். பலவீனம் தெரிந்த பாலத்துக்கோ இந்த வரிசைக்காகக் காத்திராமல் அப்போதே தற்காலிகத் தாங்கலும் எடைக் கட்டுப்பாட்டுப் பலகையும் வைக்க வேண்டும்.

3. மராமத்து நிதி, நிதியாண்டின் முடிவில் காலாவதியாகாத வைப்புக் கணக்காக ஒன்றியந்தோறும் அமைய வேண்டும். மாநில நிதி ஆணையத்தின் மானியத்தில் ஒரு நிலையான பங்கு, வேறு எந்த வேலைக்கும் முன்னதாக இதில் சேர வேண்டும்.

4. மராமத்துக் காலம் சம்பா அறுவடைக் காலத்தோடு மோதுவதால், நெல் லாரிகளுக்கான மாற்றுப் பாதையைக் கொள்முதல் நிலைய அதிகாரிகளோடு கலந்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

5. வேலை நடக்குமிடத்தில் தொகை, ஒப்பந்தக்காரர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை இருக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, ஊர்தோறும் இருவரை நியமித்து, ஆண்டுக்கு இருமுறை பாலங்களைப் பார்வையிட்டுச் செடிகொடிகளைக் களையவும், கண்வாய் அடைப்பை அகற்றவும், விரிசல் கண்டால் அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்கவும் சங்கம் உறுதி கூறுகிறது. எடைக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்த பாலத்தில் எங்கள் அங்கத்தினர் எவரும் பாரவண்டி ஓட்ட மாட்டார் என்பதும் இந்த உறுதியில் அடங்கும்.

ஒன்றியக் குழுக்களின் பதவிக்காலம் எங்கள் மாவட்டங்களில் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. மன்றம் இல்லாத காலத்திலும் அலுவலர் பதிவேட்டைத் தொடங்கலாம். அதற்குத் தேர்தல் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 28-இல் அணை அடைபடும்போது வாய்க்காலில் வேலை தொடங்க வேண்டுமானால், தை பிறப்பதற்குள் டெண்டர் முடிந்திருக்க வேண்டும்.