பத்து நாள் காவல்

தென்காசியில் சாரல் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஓய்வு இராது. குற்றால அருவிகளில் நீராட வரும் உறவினர் கூட்டமும், கொடியில் உலராமல் தொங்கும் துணிகளும், திறந்தே கிடக்கும் வாசற்கதவுமாக ஆனியும் ஆடியும் கழியும். ஒரு சாரற் காலத்தில், அந்தக் கலகலப்பிற்கிடையே பத்து நாள்கள் எங்கள் வீடு வாயடைத்துக் கிடந்தது. அதைப் பற்றி இம்மாதம் எழுதுகிறோம். நாய் வளர்க்கும் குடும்பங்கள் நம் வாசகரிடையே பல உண்டன்றோ!

மணி எங்கள் வீட்டு நாட்டு நாய், வயது நான்கு. ஒரு திங்கட்கிழமை காலையில் சோற்றை முகர்ந்துவிட்டு விலகியது. சற்று நேரத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. நண்பகலில் பின்னங்கால்கள் தள்ளாடின. அழைத்தாலும் தலை தூக்க மாட்டாமல் கிணற்றடி மூலையில் சுருண்டுகொண்டது. முந்தைய நாள் மாலைவரை விருந்தினர் குழந்தைகளோடு ஓடி விளையாடிய பிராணி அது.

செய்தி கேட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சூட்டினர். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் மற்றொருவர். "அண்ணாச்சி, தொண்டையிலே எலும்பு சிக்கியிருக்கும். வாயைத் திறந்து கையை விட்டுப் பாருங்க" என்று அக்கறையுடன் கூறினார் எதிர்வீட்டு ஆச்சி. நாமும் கையை நீட்டிவிட்டோம். மூத்த மகன் சட்டென்று எம் கையைப் பற்றி இழுத்தான்.

அவன் செய்ததே சரி. வெறிநோய் கண்ட நாய் கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். எல்லா நாய்களும் அவ்வாறு ஆவதில்லை. சில நாய்கள் மூலையில் ஒடுங்கிவிடும். தாடை தளர்ந்து தொங்கும், விழுங்க இயலாது, எச்சில் வடியும். பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியது போலவே தோன்றும். அந்த வாயில் வெறுங்கையை விடுவது பேராபத்து.

மணியின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தோம். ஆண்டுதோறும் போடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி தவணை கடந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. குற்றம் எங்களுடையதே. அதன் பின்னர் இளைய மகள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். சனிக்கிழமையன்று அவள் முழங்காலில் சிராய்த்த இடத்தை மணி நக்கியதாம். அதுவரை நாயைப் பற்றியிருந்த கவலை, அந்நொடியே குழந்தையைப் பற்றிய கவலையாயிற்று.

கால்நடை மருத்துவர் கையுறை அணிந்து நெடுநேரம் நோக்கினார். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் அப்பியிருந்ததைக் காட்டினார். "உண்ணியால் வரும் காய்ச்சலாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறிநோயையும் தள்ளிவிட இயலாது. இன்று பெயர் சொல்ல மாட்டேன்" என்றார். எங்களுக்கு எரிச்சலே மூண்டது. படித்த மருத்துவர் ஒரு பெயரைச் சொல்லக் கூடாதா?

அவருடைய நேர்மை பின்னரே எங்களுக்கு விளங்கிற்று. உண்ணி கடிக்கும்போது உடலில் புகும் நுண்ணுயிர்கள் இரத்த அணுக்களில் குடியேறுகின்றன. நுண்ணோக்கியில் பார்க்கும் ஒரு துளி இரத்தத்தில் அவை தென்படலாம், தென்படாமலும் போகலாம். தென்படவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எலிக்காய்ச்சலோ எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் பரவுவது. நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. வெறிநோயை உயிருள்ள நாயிடம் ஐயமறக் காட்டும் சோதனை இல்லை. இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதி செய்வர். ஆனால் எச்சிலில் அந்நோயின் கிருமி வெளிப்படத் தொடங்கிய நாய் பொதுவாகப் பத்து நாள்களுக்குள் இறந்துவிடும். ஆகவே பத்து நாள் கட்டிவைத்துக் காப்பதே சோதனை.

"நாயின் விஷயத்தில் காத்திருக்கலாம், குழந்தையின் விஷயத்தில் காத்திருக்கலாகாது" என்றார் மருத்துவர். உடனே சிராய்ப்பைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவினோம். அன்று மாலையே அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். தோல் சிராய்ந்த இடத்தில் எச்சில் பட்டிருந்தமையால் தடுப்பூசியோடு, நோயை உடனே எதிர்க்கும் புரத மருந்தும் தரப்பட்டது. கட்டணம் ஏதுமில்லை. தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகளை முதியோர் இன்னும் மறக்கவில்லை. குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பின்னரும் நெடுங்காலம் அந்த அச்சம் நீங்கவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அம்மருந்து இப்போது நம் நாட்டில் வழக்கில் இல்லை. இன்று கையில் போடுகிறார்கள். முதல் நாள், பின்னர் 3, 7, 28-ஆம் நாள்கள் என்பது தவணை.

அதன்பின் தொடங்கியது காவல். மணியைப் பின்கட்டில் தனியே கட்டினோம். பெரியவர் ஒருவர் மட்டுமே கையுறையுடன் அருகே சென்று தண்ணீர் வைப்பது என்று முடிவு செய்தோம். உண்டது, குடித்தது, சிறுநீரின் நிறம், நடை ஆகியவற்றை நேரத்துடன் ஒரு நோட்டில் குறித்தோம். இரத்தத்தில் கிருமி தென்படவில்லை. ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஐயத்தின் பேரிலேயே உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து தொடங்கினார் மருத்துவர்.

இளையவள் சன்னலருகே நின்று, "மணி செத்துப் போகுமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட நா எழுந்தது. ஆயினும், "தெரியலை அம்மா. செய்ய வேண்டியதைச் செய்துக்கிட்டிருக்கோம்" என்றே கூறினோம். அவள் அழுதாள், ஆனால் மறுநாளும் எங்களிடமே வந்து கேட்டாள். பொய் சொல்லியிருந்தால் அந்த நம்பிக்கையை இழந்திருப்போம்.

வியாழனன்று மணி தண்ணீர் குடித்தது. சனியன்று கஞ்சியை நக்கியது. சிராய்ப்பை நக்கிய பத்தாம் நாளான செவ்வாய்க்கிழமை, எங்களைக் கண்டதும் எழுந்து நின்று வாலை ஆட்டியது. மருத்துவர் சிரித்தார். "வெறிநோய் அச்சம் நீங்கியது. வந்தது எந்த நோய் என்று மட்டும் இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மருந்துக்கு இணங்கிற்று, அவ்வளவே" என்றார்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இவ்வாறு நேர்ந்தால், நோய்க்கு நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள். அடையாளங்களை வரிசையாகக் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். மனிதருக்கான காய்ச்சல் மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சாகக் கூடும், அவற்றைத் தராதீர்கள். உள்ளூரில் இயலாத சோதனைகளுக்கு, நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. நாய் இறந்துவிட்டாலும் வெறுங்கையால் தொடாமல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கடியோ கீறலோ, புண்ணில் பட்ட எச்சிலோ எதுவாயினும், நாய்க்கு என்ன நோய் என்று தெரியும்வரை குழந்தையின் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். தொடங்கிய தவணையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

மணியின் பின்னங்கால் இன்னும் சற்றே இழுக்கிறது. அதன் தடுப்பூசி அட்டை இப்போது அலமாரிக்குள் இல்லை. நாள்காட்டியின் அருகே ஆணியில் தொங்குகிறது. அடுத்த தவணைக்குரிய நாளை இளையவளே சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.