சிறு கருவிகளைத் தம் கையாற் செய்க!

பிறர் வடித்த சோற்றை உண்பார்க்குப் பசி தீரும். சமைக்கும் திறம் வாராது. நிரல் எழுதப் பயிலும் இளைஞருட் பலர் இன்று இந் நிலையிலேயே உள்ளனர். கணிப்பொறி மொழியொன்றின் முதற்பாடம் முடிந்த மறுநாளே, பிறர் செய்து வைத்த செயற்கூற்றுத் தொகுதிகளை இறக்கிக்கொண்டு, அவற்றின் பெயர்களை நெட்டுருச் செய்வதே கல்வி என்றிருக்கின்றனர்.

கொடுத்ததை வாங்கி, ஒரு வேலையை முடித்து, விடையைத் திருப்பித் தரும் நிரற்பகுதியே செயற்கூறு. மதிப்புகளை 0, 1, 2 என எண்ணிட்டு அடுக்கி வைப்பது அணி; ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வைப்பது பொருள். இவ் விரண்டையும் கையாளும் பத்துப் பன்னிரண்டு சிறு செயற்கூறுகளையேனும் பயில்வோர் தாமே எழுதித் தொகுத்துக் கொள்ளல் வேண்டும்.

“இருப்பதை மீண்டும் செய்வானேன்?” என்பார் உளர். வலைப்பக்கங்களை இயக்கும் சாவாசுகிரிப்டு மொழியில், அணியின் ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தருதல், வேண்டியவற்றை வடித்தெடுத்தல், அனைத்தையும் ஒன்றாகத் திரட்டுதல் ஆகிய மூன்றும் 2009-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு மொழிவரையறையிலேயே இடம்பெற்றுவிட்டன. அதே ஆண்டில் அண்டர்சுகோர், 2012-இல் உலோடாசு என்னும் தொகுதிகளும் வெளிவந்தன. உண்மையே. ஆனால், பெருக்கல் வாய்பாடு அச்சிற் கிடைப்பதால், மாணவன் அதனை எழுதிப் பாராது விடலாமா?

திரட்டும் செயற்கூற்றை எழுதப் புகுவார்முன் முதலில் நிற்பது, வெற்றணி வந்தால் எதைத் தருவது என்னும் வினா. தொடக்க மதிப்பும் தாராது வெற்றணியைக் கொடுத்தால், மொழியிலுள்ள செயற்கூறு பிழையென அறிவித்து நின்றுவிடும். திரட்டுதற்கு ஒன்றுமில்லாவிடத்து எதைத் தருவது? தாமே எழுதியவர்க்கு இவ் விளக்கம் மறவாது. மாற்றுதலையும் வடித்தலையும் இத் திரட்டுதலைக் கொண்டே ஆக்கலாம் என்பதையும் அவரே கண்டுகொள்வார்.

பொருளைப் படியெடுக்கும் செயற்கூறு இன்னும் பெரிய ஆசான். மேலடுக்கை மட்டும் படியெடுத்தால், உள்ளே பொதிந்த பொருள் இரண்டுக்கும் பொதுவாகவே நிற்கும். படியிற் செய்த திருத்தம் முதற்பொருளையும் மாற்றிவிடும். அடியாழம் வரை படியெடுக்கப் புகுந்தாலோ, தன்னையே தன்னுட் சுட்டும் பொருள் வந்து முடிவின்றிச் சுழல வைக்கும். வரிசைப்படுத்துதலும் அத்தகையதே. 10, 9, 1 என்னும் அணியை ஒப்பிடும் முறை சொல்லாது கொடுத்தால், சாவாசுகிரிப்டு 1, 10, 9 என்றே தரும். எண்களை அது எழுத்துகளாகக் கொண்டு ஒப்பிடுகின்றது. கொடுத்த அணியையும் மாற்றிவிடுகின்றது.

தமிழர்க்கு இதில் தனிக் கடமை ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாதெனின், அம் மொழி 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் அஃது ஐந்தாக அமைந்திருத்தலின் வந்த விடை அது. அச் சொல்லை மூன்றெழுத்தாகவே பிரித்து அணியாக்கும் செயற்கூற்றைத் தமிழ் மாணவர் எழுதிப் பார்த்தல் வேண்டும். வடி, மாற்று, திரட்டு எனத் தமிழ்ப் பெயரிடவும் அம் மொழியில் தடையில்லை.

2016 மார்ச்சில் நிகழ்ந்ததை இங்கு எண்ணுக. சொல்லின் இடப்புறத்தை நிரப்பி நீளங்கூட்டும் இலெப்ட்-பேடு என்னும் 11 வரிச் செயற்கூற்றை, அதனை எழுதியவர் என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கினார். அதனைச் சார்ந்திருந்த மென்பொருள்கள் பலவற்றின் ஆக்கப்பணி உலகெங்கும் தடைப்பட்டது. அன்றே அது மீட்கப் பெற்றதெனினும், பதினொரு வரிக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த மெலிவு வெளிப்பட்டுவிட்டது.

இதனால், பயிற்சிக்கெனச் செய்ததை ஆராயாது பொதுப்பணியிற் புகுத்துக என்பதன்று. பல்லாயிரவர் கையாண்ட உலோடாசிலேயே, வெளியார் தரும் தரவு எல்லாப் பொருள்கட்கும் அடிப்படையான பொருளை மாற்றிவிடக்கூடிய குறை 2019-இல் வெளிப்பட்டுத் திருத்தப் பெற்றது. பலர் கண்பட்டதற்கே அந் நிலையெனின், ஒருவர் மட்டும் எழுதியதற்கு எத்துணைக் காவல் வேண்டும்! பிறர் நம்பியிருக்கும் பணிக்கு ஆய்ந்து தேறிய தொகுதியைக் கொள்க. ஆனால், அதனைத் திறந்து படித்து, குறை காணும் அறிவோடு கொள்க. அவ் வறிவைத் தருவது கைப்பயிற்சியே.

நாளுக்கு ஒரு செயற்கூறு போதும். எழுதியதை வெற்றணி, ஓருறுப்பு அணி, அணிக்குள் அணி என மூன்று வகையாலும் ஆய்ந்து பார்க்க. இரு கிழமையில் சிறு தொகுதியொன்று உருவாகும். அதனினும் பெரிது, பிறர் தொகுதியைக் கண்டு மருளாத துணிவு. அது தம் கையாற் செய்தார்க்கே உரியது.